வாசகர் கேள்விகள்: உவரி மணலும் ஃபுளோரைடு காந்தங்களும்

சென்ற இதழில் மாங்கனீசு டைஃபுளோரைடு என்ற வெளிர் இளஞ்சிவப்புப் படிகம் கடுங்குளிரில் எப்படிக் காந்த ஒழுங்குக்குள் போகிறது என்று ஒரு பக்கம் எழுதியிருந்தேன். அதற்கு நம் பக்கத்து ஊர்களிலிருந்து வந்த கடிதங்களே இந்த முறை இடத்தை நிரப்பிவிட்டன. அதனால் இந்த இதழ் முழுக்க இடைநிலை உலோக ஃபுளோரைடுகள்தான், அதாவது மாங்கனீசு, இரும்பு, நிக்கல் போன்ற உலோகங்கள் ஃபுளோரினோடு சேர்ந்த சேர்மங்கள்.

உவரியிலிருந்து ஒரு வாசகர்: ஐயா, எங்கள் கடற்கரை மணலில் ரூட்டைல் இருக்கிறது என்று சின்ன வயதிலிருந்து கேட்டு வருகிறோம். மணலில் காந்தத்தை இழுத்தால் கறுப்புப் பொடி ஒட்டிக்கொண்டு வரும். நீங்கள் எழுதிய மாங்கனீசு ஃபுளோரைடும் ரூட்டைல் அமைப்பு என்கிறீர்கள். அப்படியானால் அந்தக் கறுப்புப் பொடிதான் ரூட்டைலா? ரூட்டைல் என்றாலே காந்தமா?

காந்தத்தில் ஒட்டி வருவது ரூட்டைல் கிடையாது. சாதாரணக் காந்தம் என்றால் அதில் ஒட்டுவது பெரும்பாலும் மேக்னடைட். காந்தம் நல்ல வலுவானதாக இருந்தால் இல்மனைட் என்ற இரும்பு-டைட்டானியம் கனிமமும், மணலில் சிவப்பாகத் தெரியும் கார்னெட்டும்கூடக் கொஞ்சம் ஒட்டும். ரூட்டைல் ஒட்டவே ஒட்டாது. மணவாளக்குறிச்சி போன்ற மணல் ஆலைகளில் இந்தக் குணத்தை வைத்துத்தான் பிரிக்கிறார்கள்: வலுவான காந்தம் இல்மனைட்டை இழுத்துக்கொள்ளும், ரூட்டைல் மிச்சத்தோடு போய்விடும், அப்புறம் உயர் மின்னழுத்தத்தைக் காட்டி ரூட்டைலையும் சிர்கானையும் தனித்தனியாக்குவார்கள்.

ரூட்டைல் என்பது டைட்டானியம் டையாக்சைடு. அதில் டைட்டானியம் நான்கு எலக்ட்ரானை இழந்து நிற்கிறது, அதன் டி ஆர்பிட்டாலில் (அணுவுக்குள் எலக்ட்ரான்கள் தங்கும் அறைகளில் ஒரு வகை) ஒன்றுமே மிச்சமில்லை. காந்தக் குணத்துக்குத் தனித்து நிற்கும் எலக்ட்ரான் வேண்டும், அது இங்கே இல்லை. இப்போது அதே வீட்டில் ஆட்களை மட்டும் மாற்றுவோம்: டைட்டானியம் இருந்த இடத்தில் மாங்கனீசு, ஆக்சிஜன் இருந்த இடத்தில் ஃபுளோரின். மாங்கனீசின் டி ஆர்பிட்டால்களில் ஐந்து எலக்ட்ரான்கள், ஐந்தும் ஒரே பக்கம் பார்த்துத் தனித்தனியாக நிற்கின்றன. காந்தத் திருப்புத்திறன், அதாவது ஒவ்வொரு அணுவும் ஒரு குட்டிக் காந்தமாக நிற்கும் வலு, நிறைய வந்துவிடுகிறது. ஆக ரூட்டைல் என்பது அணுக்கள் உட்கார்ந்திருக்கும் ஒழுங்குக்குப் பெயர். காந்தம் வருமா வராதா என்பதை அங்கே யார் உட்கார்ந்திருக்கிறார் என்பது முடிவு செய்கிறது, எப்படிப்பட்ட காந்தம் என்பதை அந்த ஒழுங்கு முடிவு செய்கிறது. இந்த இரண்டாவது பாதிதான் என்னை இத்தனை வருடமாகப் பிடித்து வைத்திருக்கிறது, அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

மாங்கனீசு டைஃபுளோரைடின் அலகுக்கூடு, அதாவது திரும்பத் திரும்ப அடுக்கினால் முழுப் படிகமும் வந்துவிடும் மிகச் சிறிய துண்டு, சதுர அடிப்பரப்புள்ள ஒரு பெட்டி. அடிச்சதுரத்தின் பக்கம் சுமார் 4.87 ஆங்ஸ்ட்ராம் (ஒரு ஆங்ஸ்ட்ராம் என்பது மில்லிமீட்டரில் கோடியில் ஒரு பங்கு), உயரம் சுமார் 3.31. மூலைகளில் மாங்கனீசு, நட்ட நடுவிலும் ஒரு மாங்கனீசு. ஒவ்வொன்றையும் சுற்றி ஆறு ஃபுளோரின், அதாவது ஓர் எண்முகி. உயரத் திசையில் இந்த எண்முகிகள் விளிம்போடு விளிம்பு ஒட்டி வரிசையாகப் போகும், பக்கத்து வரிசையோடு மூலையை மட்டும் பகிர்ந்துகொள்ளும். சுமார் 67 கெல்வினுக்குக் கீழே, அதாவது பூஜ்ஜியத்துக்குக் கீழே 206 டிகிரி செல்சியஸில், மூலை மாங்கனீசுகள் எல்லாம் மேல்நோக்கியும் நடு மாங்கனீசுகள் எல்லாம் கீழ்நோக்கியும் நின்றுவிடும். இரண்டும் சமம், மொத்தக் காந்தம் பூஜ்ஜியம். இதைத்தான் எதிர் ஃபெர்ரோ காந்தம் என்கிறோம், ஒழுங்கு தொடங்கும் வெப்பநிலைக்குப் பிரெஞ்சு இயற்பியலாளர் லூயி நீல் பெயரை வைத்து நீல் வெப்பநிலை என்று பெயர். அவருக்கு 1970-இல் நோபல் பரிசு கிடைத்தது.

இதில் ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். ஒரு மாங்கனீசுக்கு மிக அருகில் இருப்பது அதே வரிசையில் மேலேயும் கீழேயும் 3.31 ஆங்ஸ்ட்ராமில் உள்ள மாங்கனீசு. மூலைக்கும் நடுவுக்கும் இடையே தூரம் 3.82. ஆனால் கிட்டத்தில் இருப்பவரோடு காந்தப் பிணைப்பு சொற்பம், தள்ளி இருப்பவரோடுதான் பலமான எதிர்ப்பிணைப்பு. காரணம் கோணம். வரிசைக்குள் மாங்கனீசு, ஃபுளோரின், மாங்கனீசு மூன்றும் ஏறக்குறைய செங்கோணத்தில் வளைந்திருக்கின்றன, மூலைக்கும் நடுவுக்கும் இடையே அது சுமார் 130 டிகிரிக்கு விரிந்திருக்கிறது.

பேட்டையிலிருந்து எம்.எஸ்சி. இயற்பியல் மாணவி: நடுவில் ஃபுளோரின் இருக்கும்போது இரண்டு உலோக அயனிகள் ஒன்றையொன்று எப்படி உணர்கின்றன? ஆக்சைடுகளை விட்டுவிட்டு ஃபுளோரைடுகளை ஏன் இவ்வளவு பேர் படிக்கிறார்கள்?

நல்ல கேள்வி அம்மா. ஃபுளோரைடு அயனியின் பி ஆர்பிட்டாலில் இரண்டு எலக்ட்ரான்கள் சேர்ந்திருக்கின்றன, பாலி விதிப்படி ஒன்று மேல் சுழற்சி, மற்றது கீழ் சுழற்சி (எலக்ட்ரானின் குட்டிக் காந்தம் பார்க்கும் திசையைத்தான் இப்படிச் சொல்கிறோம்). ஒன்று இடப்பக்க உலோகத்தை நோக்கிக் கொஞ்சம் சாய்கிறது, மற்றது வலப்பக்கத்தை நோக்கி. பாதி நிரம்பிய ஆர்பிட்டால் தன்னிடம் ஏற்கனவே உள்ள எலக்ட்ரானுக்கு எதிர்ச் சுழற்சி உள்ளதைத்தான் உள்ளே விடும். அதனால் இரண்டு உலோகங்களும் எதிரெதிராக நின்றால் மட்டுமே இருவருக்கும் இந்தச் சாய்வு கிடைக்கிறது, ஆற்றல் குறைகிறது. இந்த எண்ணத்தை 1934-இல் கிராமர்ஸ் தொடங்கி வைத்தார், 1950-இல் ஆண்டர்சன் அதற்கு உருவம் கொடுத்தார். மேல்பரிமாற்றம் என்று உங்கள் பாடத்தில் வரும். மூன்றும் நேர்கோட்டில் 180 டிகிரியில் நின்றால் இது உச்சம். 90 டிகிரி ஆனால் இடப்பக்கம் ஒரு பி ஆர்பிட்டாலும் வலப்பக்கம் வேறொன்றும் வேலை செய்யும், இந்தக் கட்டாயம் தளர்ந்துவிடும், பெரும்பாலும் மெலிதான ஃபெர்ரோ பிணைப்பு, அதாவது இருவரையும் ஒரே பக்கம் பார்க்க வைக்கும் பிணைப்பு, வரும். குட்இனஃப், கனமோரி இருவரும் 1950-களில் இதை விதிகளாக எழுதினார்கள்.

ஃபுளோரின் பிணைப்புக்குள் வந்த எலக்ட்ரான்களை மற்ற எல்லாத் தனிமங்களையும் விட இறுக்கிப் பிடிக்கும். அதனால் உலோகத்தின் எலக்ட்ரான் உலோகத்திடமே இருக்கும், கணக்கு சுத்தமாக வரும், கோட்பாட்டைச் சோதித்துப் பார்க்க இதைவிட நல்ல இடம் இல்லை. நிறையப் படிகங்கள் ஒளி ஊடுருவக்கூடியவை என்பதால் ஒளியை வைத்தும் உள்ளே நடப்பதைப் பார்க்கலாம். விலை ஒன்று உண்டு: எலக்ட்ரானைப் பகிர்வது குறைவு, ஆகவே பிணைப்பும் குறைவு. நிக்கல் ஆக்சைடின் நீல் வெப்பநிலை சுமார் 523 கெல்வின், நிக்கல் டைஃபுளோரைடுக்குச் சுமார் 73-தான்.

அந்த 73-ஐ வைத்துக்கொண்டே இன்னும் இரண்டு படிகங்களைப் பாருங்கள், கோணமும் அடுக்கும் என்ன செய்யும் என்று தெரியும். பொட்டாசியம் நிக்கல் ட்ரைஃபுளோரைடு பெரோவ்ஸ்கைட் அமைப்பு: கனசதுரம், எண்முகிகள் மூலைகளில் மட்டும் தொட்டுக்கொண்டு நிற்கும், நிக்கல், ஃபுளோரின், நிக்கல் என்று கச்சிதமான நேர்கோடு. நீல் வெப்பநிலை சுமார் 246 கெல்வினுக்கு ஏறிவிடுகிறது. அதே நிக்கல், அதே ஃபுளோரின். பிணைந்திருக்கும் நிக்கல்களின் எண்ணிக்கைகூட ரூட்டைலில் எட்டு, இங்கே ஆறு, குறைந்துதான் இருக்கிறது, இருந்தும் மூன்று மடங்குக்கு மேல் ஏற்றம். இன்னொன்று டைபொட்டாசியம் நிக்கல் டெட்ராஃபுளோரைடு. இதில் அந்த நேர்கோட்டு வலை ஒரு தளத்துக்குள் மட்டும் இருக்கும், அடுத்த தளம் பொட்டாசியம் ஃபுளோரைடு அடுக்குகளுக்கு அப்பால் தள்ளி நிற்கும். தளத்துக்குள் பிணைப்பு முன்னதைப் போலவே பலமானது, ஆனால் நீல் வெப்பநிலை சுமார் 97 கெல்வினுக்கு இறங்கிவிடும். 1969-இல் பர்ஜினோ, குகன்ஹைம், ஷிரானே ஆகியோர் நியூட்ரான்களைப் படிகத்தில் மோதிச் சிதறவிட்டு இதைப் பார்த்தபோது, ஒழுங்கு தொடங்கும் வெப்பநிலைக்கு மேலேயும் தளத்துக்குள் மட்டும் எதிரெதிர் வரிசை நீண்ட தூரத்துக்கு இருந்தது. இரு பரிமாணக் காந்தம் என்று தாளில் மட்டும் எழுதிவந்த ஒன்று உண்மையான படிகத்தில் கையில் கிடைத்தது அப்போதுதான் என்று நான் சொல்வேன்.

ஆலங்குளத்திலிருந்து ஒரு ஆசிரியர்: மாங்கனீசு, இரும்பு, கோபால்ட், நிக்கல் நான்கின் டைஃபுளோரைடுகளும் ரூட்டைல் அமைப்பு என்றால் காந்தக் குணமும் வரிசையாகக் குறைய வேண்டும் அல்லவா?

வரிசை வராது ஐயா. நீல் வெப்பநிலைகள் முறையே சுமார் 67, 78, 38, 73 கெல்வின். எலக்ட்ரான் எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் இது புரியாது. மாங்கனீசில் ஐந்து எலக்ட்ரானும் சமமாகப் பரவியிருப்பதால் அதற்கு எந்தத் திசையும் பெரிதாக வேண்டியதில்லை, எளிதில் திரும்பும். இரும்பு அப்படியில்லை, உயர அச்சில் அழுந்த நின்றுகொள்ளும், மேலே அல்லது கீழே என்ற இரண்டே நிலைதான். நிக்கலோ அந்த அச்சுக்குக் குறுக்கே படுத்துக்கொள்கிறது, படுத்ததில் இரண்டு பகுதிகளும் சரியாக எதிரெதிராக இல்லாமல் துளி சாய்ந்திருப்பதால் மெல்லிய ஒரு மொத்தக் காந்தம் மிஞ்சுகிறது.

கோபால்ட் டைஃபுளோரைடு இதில் எனக்கு ரொம்பப் பிடித்தது. அதை அழுத்தினால் காந்தமாகும்! 1957-இல் ஜியாலோஷின்ஸ்கி சமச்சீர்க் கணக்கிலிருந்து இப்படி நடக்க வேண்டும் என்றார், 1959-இல் பொரோவிக்-ரொமானோவ் கோபால்ட், மாங்கனீசு டைஃபுளோரைடுகளில் அளந்து காட்டினார். ஏன் என்றால், மூலையில் உள்ள எண்முகி அடிச்சதுரத்தின் ஒரு மூலைவிட்டத்தின் பக்கம் திரும்பி நிற்கிறது, நடுவில் உள்ளது அதற்கு 90 டிகிரி திரும்பி மற்ற மூலைவிட்டத்தின் பக்கம் நிற்கிறது. ஒரு மூலைவிட்டத்தின் வழியே அழுத்துங்கள். ஒரு வகை எண்முகி ஒரு விதமாகவும் மற்றது வேறு விதமாகவும் நசுங்கும், மேல்நோக்கியும் கீழ்நோக்கியும் நின்ற இரண்டு கூட்டமும் இனிச் சமம் இல்லை, வித்தியாசம் வெளியே காந்தமாகத் தெரியும். இந்த 90 டிகிரித் திருப்பம்தான் 2022-க்குப் பிறகு ஆல்டர்காந்தம் என்ற பெயரில் உலகம் முழுக்கப் பேசப்படுகிறது, மாங்கனீசு டைஃபுளோரைடு அதற்கு எல்லோரும் காட்டும் உதாரணங்களில் ஒன்று.

குரோமியம், தாமிரம் இரண்டின் டைஃபுளோரைடுகளையும் வகுப்பில் சேர்த்துச் சொல்லுங்கள். அவற்றின் எண்முகிகள் யான்-டெல்லர் விளைவால் (எலக்ட்ரான்கள் சமமாகப் பரவாததால் வடிவமே கோணிக்கொள்வது) ஒரு பக்கம் நீண்டு, பெட்டியே சரிந்து, ஒற்றைச் சரிவுப் படிகமாகிவிடும்.

அம்பாசமுத்திரத்திலிருந்து ஒரு மாணவர்: பொட்டாசியம் தாமிர ஃபுளோரைடு ஒரு பரிமாணக் காந்தம் என்று படித்தேன். படத்தில் பார்த்தால் கனசதுரம் மாதிரிதானே இருக்கிறது?

படத்தில் உண்மையாகவே அப்படித்தான் தெரியும் தம்பி. பத்தமடைப் பாயை விரித்துப் பார்த்தால் நீளமும் அகலமும் ஒரே மாதிரிதான் தெரியும், ஆனால் ஒரு பக்கம் சுருளும், மறு பக்கம் கோரை நிமிர்ந்து நின்று சுருள விடாது. இந்தப் படிகமும் அப்படி. தாமிரத்தில் காந்தத்துக்குக் காரணமான ஆர்பிட்டால் ஒன்றுதான், அது அணுவுக்கு அணு மாறி மாறித் திரும்பி நிற்கிறது. உயர அச்சின் வழியே அவை ஃபுளோரின் மூலம் நன்றாகக் கைகோக்கின்றன, பக்கவாட்டில் ஒன்றின் முனை மற்றதன் முனையைச் சந்திப்பதே இல்லை. பக்கவாட்டுப் பிணைப்பு அச்சுவழிப் பிணைப்பில் சுமார் நூறில் ஒரு பங்கு. அதனால் தனித்தனிச் சங்கிலிகளாக நடந்துகொள்கிறது, முழு ஒழுங்கு சுமார் 39 கெல்வினில்தான் வருகிறது. இந்த ஆர்பிட்டால் வரிசைக்கான கோட்பாட்டைக் குகெலும் கோம்ஸ்கியும் 1973-இல் தந்தார்கள். இதன் அடுக்கு வடிவமான டைபொட்டாசியம் தாமிர டெட்ராஃபுளோரைடில் அதே ஆர்பிட்டால் திருப்பம் தளத்துக்குள்ளேயே அமைவதால் பிணைப்பு ஃபெர்ரோவாக மாறி, சுமார் 6 கெல்வினில் உண்மையான ஃபெர்ரோ காந்தமாகிறது. மின்சாரம் கடத்தாத, ஒளி ஊடுருவும் ஃபெர்ரோ காந்தம் அபூர்வம்.

பாளையங்கோட்டையிலிருந்து ஒரு வாசகி: வாய்பாடு தெரிந்தால் பொருளின் குணம் தெரிந்துவிடும் என்று வேதியியல் வகுப்பில் சொன்னார்கள். ஃபுளோரைடுகளுக்கும் இது சரியா?

இரும்பு ட்ரைஃபுளோரைடை வைத்துச் சொல்கிறேன். ஓர் இரும்பு, மூன்று ஃபுளோரின். வழக்கமான வடிவம் சாய்சதுர அமைப்பு: எண்முகிகள் எல்லா மூலைகளிலும் பகிர்ந்து, கொஞ்சம் திருகி நிற்கும், இரும்பு, ஃபுளோரின், இரும்பு கோணம் சுமார் 152 டிகிரி. நீல் வெப்பநிலை சுமார் 363 கெல்வின், அதாவது 90 டிகிரி செல்சியஸ். நம் ஊர் அக்கினி நட்சத்திர வெயிலில் மொட்டைமாடியில் வைத்தாலும் உள்ளே இந்த ஒழுங்கு கலையாது.

அதே வாய்பாட்டில் இன்னும் இரண்டு வடிவங்களை ஆய்வகத்தில் செய்ய முடியும். ஒன்று அறுகோண டங்ஸ்டன் பிரான்ஸ் வகை, இன்னொன்று பைரோகுளோர் வகை. மூன்றிலும் ஓர் இரும்பைச் சுற்றி ஆறு ஃபுளோரின், ஒவ்வொரு ஃபுளோரினும் இரண்டு இரும்புக்குப் பொது. அணுவின் பக்கத்தில் நின்று பார்த்தால் வித்தியாசமே தெரியாது. தள்ளி நின்று பார்த்தால் அறுகோண வகையில் இரும்புகள் முக்கோணங்களாக இணைந்திருக்கின்றன, பைரோகுளோரில் மூலை பகிரும் நான்முகிகளாக. மூன்று இரும்பில் ஒன்று மேல், அடுத்தது கீழ் என்றால் மூன்றாவது எந்தப் பக்கம் நிற்கும்? இருவருக்கும் எதிராக நிற்க அதனால் முடியாது. பிணைப்பு பலமாக இருந்தும் ஒழுங்கு வர முடியாமல் தடுமாறுகிறது. அறுகோண வகை 100 கெல்வின் அளவிலும் பைரோகுளோர் வகை 20 கெல்வின் அளவிலும்தான் ஒழுங்குக்கு வருகின்றன. 363, 100, 20! வாய்பாடு ஒன்றே. வகுப்பில் சொன்னது ஓரளவுக்குத்தான் சரி, எண்முகிகள் எப்படிக் கோக்கப்பட்டிருக்கின்றன என்று தெரியாமல் காந்தத்தைப் பற்றி ஒரு வார்த்தையும் உறுதியாகச் சொல்ல முடியாது.

கோவில்பட்டியிலிருந்து ஒருவர்: கிணற்றுத் தண்ணீரில் உள்ள ஃபுளோரைடும் இதுவும் ஒன்றா?

அயனி ஒன்றுதான். அதற்குத் தனியே காந்தக் குணம் இல்லை. குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது, வேறு வழியே இல்லாத இடத்தில் 1.5 வரை என்று இந்தியத் தர அளவு சொல்கிறது. பிள்ளைகளின் பல்லில் பழுப்புக் கறை தெரிந்தால் தண்ணீரைச் சோதனைக்குக் கொடுங்கள், தள்ளிப்போடாதீர்கள்.

தென்காசியில் பலசரக்குக் கடை வைத்திருப்பவர்: அண்ணாச்சி, இவ்வளவு குளிரில் நடக்கும் இதனால் நமக்கு என்ன பிரயோசனம்?

நேரடியாகச் சொல்வதென்றால் பேட்டரி. லித்தியத்தோடு முழுவதும் வினைபுரிந்தால் இரும்பு ட்ரைஃபுளோரைடு கிராமுக்கு 712 மில்லிஆம்பியர்-மணி மின்னேற்றம் தாங்கும் என்பது கணக்கு. இப்போது பேருந்துகளில் வரும் லித்தியம் இரும்பு பாஸ்பேட்டுக்கு அது சுமார் 170. இரும்பும் விலை மலிவு. சிக்கல் என்னவென்றால், முழுவதும் வினைபுரியும்போது படிகம் உடைந்து இரும்பாகவும் லித்தியம் ஃபுளோரைடாகவும் பிரிகிறது, திரும்பச் சேரும்போது பழைய ஒழுங்கு சரியாக வருவதில்லை.

மறைமுகப் பயனும் உண்டு. 1986-இல் பெட்நார்சும் முல்லரும் உயர் வெப்பநிலை மீக்கடத்தலை (மின்தடையே இல்லாமல் மின்சாரம் ஓடுவதை) கண்டுபிடித்த, பேரியம் கலந்த லாந்தனம் தாமிர ஆக்சைடு, மேலே சொன்ன டைபொட்டாசியம் நிக்கல் டெட்ராஃபுளோரைடின் அமைப்பையே கொண்டது. அடுக்குக் காந்தங்களைப் பற்றி அந்த ஃபுளோரைடில் பல வருடம் கற்றது அப்போது உடனே கைகொடுத்தது.

திருநெல்வேலியிலிருந்து கல்லூரி மாணவர்கள் சிலர்: எங்கள் புராஜெக்ட்டுக்கு ஒரு ஃபுளோரைடு காந்தம் செய்ய ஆசை. எதைச் செய்யலாம்? ஹைட்ரோஃபுளோரிக் அமிலம் வாங்கித் தருவதாக ஒருவர் சொல்கிறார்.

அந்த அமிலத்தைத் தொடாதீர்கள். இதில் நான் கண்டிப்பாக இருக்கிறேன். அது தோல் வழியே உள்ளே போய் உடம்பின் கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும், கொஞ்சம் நீர்த்ததாக இருந்தால் பட்ட உடனே வலிக்கக்கூடச் செய்யாது, தெரிய வரும்போது நேரம் கடந்திருக்கும், உயிரே போகலாம். கால்சியம் குளுக்கோனேட் களிம்பும் பயிற்சி பெற்ற ஆளும் சரியான புகைப்போக்கியும் இல்லாத இடத்தில் அதற்கு வேலையே இல்லை.

நீங்கள் பொட்டாசியம் மாங்கனீசு ட்ரைஃபுளோரைடைப் பாருங்கள். பொட்டாசியம் ஃபுளோரைடு கரைசலில் மாங்கனீசு உப்புக் கரைசலை விட்டால் வீழ்படிவாக வந்துவிடும். பொட்டாசியம் ஃபுளோரைடும் விஷம்தான், ஆசிரியர் பக்கத்தில் இருக்க வேண்டும், கையுறையும் கண்ணாடியும் வேண்டும், பிளாஸ்டிக் பீக்கர்தான், எந்த அமிலமும் அந்த மேசைப் பக்கம் வரக்கூடாது. இதை ஏன் சொல்கிறேன் என்றால், இதன் நீல் வெப்பநிலை சுமார் 88 கெல்வின். திரவ நைட்ரஜன் 77-இல் கொதிப்பதால் அதை வைத்தே எட்டிவிடலாம். மாங்கனீசு டைஃபுளோரைடின் 67-க்கு அது போதாது. கூடவே இது 186 கெல்வினில் எண்முகிகள் திரும்பி, கனசதுரத்திலிருந்து வேறு வடிவத்துக்குப் போகும், அதையும் ஒரே ஓட்டத்தில் பார்க்கலாம்.

முதலில் எக்ஸ்கதிர் தூள் விளிம்பு விலகல் எடுங்கள். அறை வெப்பநிலையில் கனசதுரம், பக்கம் சுமார் 4.19 ஆங்ஸ்ட்ராம் வர வேண்டும், கூடுதல் கோடுகள் இருந்தால் மறுபடி கழுவுங்கள். அப்புறம் காந்த ஏற்புத்திறனை, அதாவது வெளிக் காந்தப்புலத்துக்குத் தூள் எவ்வளவு காந்தமாகிறது என்பதை, வெப்பநிலைக்கு எதிராக அளக்க வேண்டும். எந்த அயனி எந்தப் பக்கம் பார்க்கிறது என்பது மட்டும் சாதாரண எக்ஸ்கதிர்க் கருவிக்குத் தெரியாது. நியூட்ரானுக்குத் தனக்கே காந்தத் திருப்புத்திறன் இருப்பதால் அதற்குத் தெரியும், மாங்கனீசு, இரும்பு, கோபால்ட், நிக்கல் டைஃபுளோரைடுகளின் காந்த அமைப்பை 1953-இல் எரிக்சன் கண்டது அதை வைத்துத்தான். நம் நாட்டில் இதற்கு மும்பையின் டிராம்பேயில் துருவா என்ற ஆராய்ச்சி அணு உலை இருக்கிறது, பல்கலைக்கழகத்தார் யுஜிசி-டிஏஇ கூட்டமைப்பின் (பல்கலைக்கழக மானியக் குழுவும் அணுசக்தித் துறையும் சேர்ந்த ஆய்வு அமைப்பு) வழியாக விண்ணப்பிக்கலாம், உங்கள் துறைத்தலைவர் மூலம் எழுதுங்கள். நியூட்ரானுக்கு எக்ஸ்கதிரை விட நிறையத் தூள் வேண்டும், சில கிராமாவது இருக்க வேண்டும், அதனால் ஒரே தடவையில் செய்த தூளாகச் சேர்த்து வையுங்கள், பல தடவை செய்ததை ஒன்றாகக் கலக்காதீர்கள்.